திரும்பும் டிக்கெட் இல்லாமல் புறப்படுகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்கு ஒருவழிப் பயணச்சீட்டில் போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள், போய் இறங்கும் நாட்டில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரியை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். "திரும்பிப் போகும் டிக்கெட் எங்கே?" என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதே அவர்களுடைய கவலை. நான் பார்த்தவரையில் அந்தக் கேள்வி அங்கே எழுவதைவிட நம் ஊரில்தான் அதிகம் எழுகிறது. சென்னையிலும் திருச்சியிலும், பெட்டியை எடை போட்டு போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுன்டரில், விமான நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் அதைக் கேட்கிறார். அவர் அரசு அதிகாரி அல்லர். எந்த நாட்டின் முத்திரையும் அவர் கையில் இல்லை. ஆனாலும் அவர் மறுத்துவிட்டால் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். போகவிருந்த நாடு நம்மை உள்ளே விட்டிருக்குமா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

ஒருவழிச் சீட்டில் போகிறவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடத் திட்டமிட்டவர்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஒரு நாட்டில் விமானத்தில் இறங்கி, ரயிலிலோ பேருந்திலோ எல்லையைக் கடந்து, இன்னொரு நாட்டிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு, குழந்தை எப்போது பிறக்கும், எப்போது ஊர் திரும்பலாம் என்பது முன்கூட்டியே தெரியாது. இவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. திரும்பும் நாளை இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

கவுன்டர் ஊழியர் தன் விருப்பப்படி இதைக் கேட்பதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் டைமேட்டிக் என்ற தகவல் தொகுப்பை நடத்திவருகிறது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எந்த நாட்டுக்கு, எதற்காக, எத்தனை நாளுக்குப் போகிறார் என்று உள்ளிட்டால், அவரிடம் என்னென்ன ஆவணங்கள் இருக்க வேண்டும் என்பதை அது சொல்லும். திரும்பும் சீட்டைப் பற்றி அதில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். சில நாடுகளுக்கு, திரும்பும் சீட்டோ அடுத்த நாட்டுக்குப் போகும் சீட்டோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று இருக்கும். வேறு சில நாடுகளுக்கு, அப்படிப்பட்ட சீட்டு இல்லாதவருக்கு அனுமதி மறுக்கப்படலாம் என்று மட்டும் இருக்கும். முதல் வகையில் ஊழியருக்கு வேறு வழியே கிடையாது. இரண்டாவது வகையில் முடிவு அவர் கையில் விடப்படுகிறது. அங்கேதான் ஒரே விமானத்துக்கு வந்த இருவரில் ஒருவர் எளிதாகப் போக, இன்னொருவர் ஓரமாக நிறுத்தப்படுகிறார்.

அப்படி நிறுத்துவதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. போய் இறங்கிய நாடு ஒருவரை ஏற்க மறுத்தால், அவரைத் திருப்பி அழைத்துவர வேண்டிய பொறுப்பு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த விமான நிறுவனத்துடையது. சர்வதேச விமானப் போக்குவரத்தைப் பற்றிய 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைக்கு உள்ள ஒன்பதாவது பின்னிணைப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் செலவைப் பயணியிடமிருந்து வசூலித்துக்கொள்ளவும் நிறுவனத்துக்கு அது தடை விதிக்கவில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் அபராதமும் உண்டு. 2001ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, உறுப்பு நாடுகள் தேர்ந்துகொள்ளக்கூடிய அபராத முறைகளில் ஒன்றாக, பயணி ஒருவருக்கு 3,000 யூரோவுக்குக் குறையாத தொகையை வைத்திருக்கிறது. கவுன்டரில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சட்டங்களெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறான ஆளை ஏற்றிவிட்டால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

பயணச்சீட்டையும் பயணியை ஏற்றிவரும் நிறுவனத்தையும் எல்லைக் காவலாகப் பயன்படுத்தும் வழக்கம் விமானத்துக்கு முந்தையது. அமெரிக்கா 1903ஆம் ஆண்டுச் சட்டத்தில், தொற்றுநோய் உள்ளவர்களை ஏற்றிவந்த கப்பல் நிறுவனங்களுக்கு ஆளுக்கு 100 டாலர் அபராதம் விதித்தது. கனடா 1908இல் இன்னும் நுட்பமாக ஒன்றைச் செய்தது. தாய்நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல், புறப்படும் முன்பே வாங்கிய நேர்ச்சீட்டில் வருகிறவர்கள் மட்டுமே குடியேறலாம் என்று விதித்தது. இந்தியாவின் பெயரே அந்த விதியில் இல்லை. ஆனால் அன்று இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேராகப் போவதற்கு வழி இருக்கவில்லை. கோமகாட்டா மாரு கப்பலில் 376 இந்தியப் பயணிகள் 1914 மே மாதம் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கு எதிராக நின்றவற்றில் அந்த விதியும் ஒன்று. இரண்டு மாதம் கப்பலிலேயே வைக்கப்பட்டு, 24 பேர் தவிர மற்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் இந்திய அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. எந்தச் சீட்டில் வந்தாய் என்ற கேள்வி நம்மவர்களுக்கு எதிராக நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டிருக்கிறது.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் இன்னும் நேரடியான இடம் இருக்கிறது. இலங்கையில் 1983இல் நடந்த கொடுமைகளுக்குப் பிறகு தமிழர்கள் பிரிட்டனில் அடைக்கலம் தேடத் தொடங்கியதும், 1985இல் அந்த நாடு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் முதலில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆளானது இலங்கைதான். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் விமானத்தில் ஏற மறுத்து, உடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்த சில வாரங்களுக்குள், உரிய ஆவணமில்லாத பயணி ஒவ்வொருவருக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு கட்ட வேண்டும் என்ற மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்து, அதே ஆண்டில் சட்டமாகியது. சுற்றுலா போகும் ஒருவரும் உயிர் பிழைக்க ஓடியவர்களும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று கவுன்டரில் நம் ஆவணங்களைப் புரட்டும் ஊழியருக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று தேடிப் போனால், வழியில் அவர்களைக் கடக்காமல் போக முடியாது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி முன்பைவிடக் கூர்மையாகியிருக்கிறது. காரணம், விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகள் கூடியிருப்பது. தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலும் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தன. பிலிப்பைன்ஸ் 2025 ஜூன் மாதம் 14 நாளுக்கு அப்படியொரு வசதியைத் தந்தபோது, தங்குமிடச் சான்று, போதிய பணம், திரும்பும் சீட்டு அல்லது அடுத்த நாட்டுக்கான சீட்டு ஆகிய மூன்றையும் அதனோடு சேர்த்தே விதித்தது. விசா இருந்த காலத்தில் இவற்றையெல்லாம் தூதரகம் பல நாட்களுக்கு முன்பே பார்த்துவிடும்; குறை இருந்தால் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். இப்போது அதே சோதனை புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன், பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது நடக்கிறது. விசா விலக்கு வந்துவிட்டது, இனி எந்தக் கவலையும் இல்லை என்று நம்பி வருகிறவர்கள்தான் அங்கே அதிகமாகத் திகைத்து நிற்கிறார்கள். இந்தியாவும் இதில் விலக்கல்ல. மின்விசாவில் இங்கே வரும் வெளிநாட்டவரிடம் திரும்பும் சீட்டோ அடுத்த நாட்டுக்கான சீட்டோ இருக்க வேண்டும் என்று நம் அரசின் விதியும் சொல்கிறது.

என் சொந்தப் பயணம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஒருவழிச் சீட்டு. அங்கிருந்து ரயிலில் தெற்கே இறங்கி, பாடாங் பெசார் எல்லையைக் கடந்து மலேசியாவுக்குள் நுழைந்து, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் திரும்புவது என்பது திட்டம். சென்னைக் கவுன்டரில் இருந்த பெண் என் ஆவணங்களைப் பார்த்துவிட்டு, "சார், தாய்லாந்துல இருந்து வெளிய போற ஃபிளைட் டிக்கெட் வேணும்" என்றார். தாய்லாந்து ரயில்வேயில் வாங்கிய சீட்டை அச்செடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். புறப்படும் இடம், சேரும் இடம், தேதி, பெட்டி எண், என் பெயர், கடவுச்சீட்டு எண் எல்லாம் அதில் இருந்தன. "இது டிரெயின் டிக்கெட் சார்" என்று தயங்கினார். பாடாங் பெசார் மலேசியாவுக்குள் இருக்கும் நிலையம் என்பதைச் சொன்னேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானச் சீட்டையும் அதன் கீழே வைத்தேன். அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். வந்தவர் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துத் தேதிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். கணினியில் எதையோ படித்தார். பிறகு சரி என்று தலையசைத்தார். மொத்தப் பேச்சும் அமைதியாகவே நடந்தது. ஆனால் ரயில் சீட்டு மட்டும் இருந்திருந்தால் அது முடிந்த விதம் வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாங்காக்கில் இறங்கியபோது எந்தச் சீட்டையும் யாரும் கேட்கவில்லை. கிருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து பிற்பகலில் புறப்படும் அந்த ரயில் ஹாட் யாயில் பெரும்பாலான பெட்டிகளை விட்டுவிட்டு, எல்லைவரை போகும் பெட்டிகளோடு மட்டும் மறுநாள் காலை பாடாங் பெசாரை அடைகிறது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், ஒரே நிலையக் கட்டடத்துக்குள் முதலில் தாய்லாந்து அதிகாரி வெளியேறும் முத்திரை குத்துகிறார்; சில அடிகள் நடந்தால் மலேசிய அதிகாரி உள்ளே வரும் முத்திரை குத்துகிறார். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். திரும்பும் சீட்டைப் பற்றிய கேள்வி அங்கேதான் வந்தது. "எப்போது இந்தியா போகிறீர்கள்?" என்று மலேசிய அதிகாரி கேட்டார், திருச்சிச் சீட்டைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தரைவழியாக எல்லை கடப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் நாட்டை விட்டு வெளியேறுவதற்கான சான்று விமான நிலையத்தில் உதவும்; கடைசி நாட்டிலிருந்து வீடு திரும்புவதற்கான சான்று எல்லா எல்லைகளிலும் உதவும்.

அந்தச் சென்னைக் கவுன்டரில் எனக்குப் பக்கத்து வரிசையில் நடந்ததுதான் இதை எழுதத் தூண்டியது. அறுபது வயதை ஒட்டிய அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போகிறவர், ஒருவழிச் சீட்டோடு வந்திருந்தார். பெட்டி நிறையப் பிரசவ மருந்துச் சாமான்கள். சுக்கு, திப்பிலி, பூண்டு எல்லாம் துணிப் பைகளில் கட்டி மேலே எழுதி வைத்திருந்தார். திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்டதும், "கொழந்த பொறந்தப்புறம் மருமகன் போட்டுக் குடுப்பாரு தம்பி" என்றார். அது முழுக்க முழுக்க உண்மையான பதில். அந்தப் பதிலை ஏற்க ஊழியருக்கு வழியில்லை என்பதும் உண்மைதான். "அம்மா, முப்பது நாளுக்குள்ள ஒரு டிக்கெட் காட்டுனாத்தான் விட முடியும்" என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. அம்மா மகளுக்குத் தொலைபேசினார்; மருமகன் அங்கிருந்தே அப்போது கிடைத்த விலைக்கு ஒரு சீட்டை வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதற்குள் கவுன்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. அந்த அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, தன்னால் எல்லோருக்கும் சிரமம் என்பதுபோல் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்த தவறு என்று அதில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவரைவிட இளையவர்கள் சிலருக்கு இன்னொரு கட்டமும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டாத, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டு பெரும்பாலும் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், வளைகுடா நாடுகளும் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவையும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகப் போக இவர்கள் அரசின் அனுமதி பெற வேண்டும். வேலைக்கு அல்லாமல் உறவினரைப் பார்க்கவோ சுற்றிப் பார்க்கவோ போனால் அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் திரும்பும் சீட்டை இந்தியக் குடிவரவு அதிகாரியிடமே காட்ட வேண்டியிருக்கும். ஆகவே இவர்களுக்கு ஒருவழிச் சீட்டு என்பது விமான நிறுவனத்தைத் தாண்டினாலும் நம் நாட்டின் கவுன்டரைத் தாண்டாது. இந்தக் கெடுபிடி காரணமில்லாமல் வந்ததல்ல. 2022இல் கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்டதை நாம் படித்தோம். ஆனால் ஏஜென்டு போட்டுக் கொடுத்த திரும்பும் சீட்டு எந்த இளைஞனையும் காப்பாற்றாது. "யார் கூப்பிட்டாங்க, எந்தக் கம்பெனி, யார் காசு கட்டினாங்க?" என்று ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டால்தான் காப்பாற்ற முடியும். சீட்டைப் பார்ப்பது எளிது என்பதால் அதையே போதுமான சோதனையாக வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

இந்தச் சிக்கலைச் சுற்றி ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. சில டாலர் கட்டினால் நம் பெயரில் உண்மையாகவே ஓர் இருக்கையை முன்பதிவு செய்து, ஓரிரு நாளில் ரத்து செய்துவிடும் இணையதளங்கள் பல இருக்கின்றன. நம் ஊர் ஏஜென்டுகள் இதை டம்மி டிக்கெட் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. முன்பதிவு எண் மட்டும் இருப்பது ஒன்று. பணம் கட்டி மின்சீட்டு எண்ணும் வாங்கியது இன்னொன்று. கவுன்டரில் இருப்பவர் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால், பணம் கட்டாத முன்பதிவு உடனே தெரிந்துவிடும். அதைவிட மோசமானது, படம் திருத்தும் மென்பொருளில் தயாரித்த போலித் தாள்; அது சிக்கினால் கேள்வி திரும்பும் சீட்டைப் பற்றியதாக இருக்காது, ஏமாற்று வேலையைப் பற்றியதாகிவிடும். போலித் தாள் இருக்கட்டும், டம்மி டிக்கெட்டைக்கூட நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. திரும்பி வரும் எண்ணம் உண்மையாகவே இருக்கிறவர் பொய்யான தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதற்றத்தோடு நிற்க வேண்டிய அவசியமில்லை.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் வகைச் சீட்டை வாங்கி, தேவைப்படாதபோது ரத்து செய்யலாம். விலை கூடுதல், பணம் திரும்ப வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் கையில் இருப்பு வேண்டும். தேதியை மாற்றிக்கொள்ளக் கூடிய சீட்டாக இருவழியும் சேர்த்து எடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னும் ஏற்றது. மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நாட்டை விட்டு வெளியே போக எது மலிவோ அந்தப் பக்கத்து நாட்டு விமானச் சீட்டை வாங்கிக்கொண்டு, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பாங்காக்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அது சில சமயம் நல்ல உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும். அடுத்த நாட்டுக்கு நமக்கு விசா தேவைப்பட்டால், அந்த விசாவும் கையில் இருந்தால்தான் அந்தச் சீட்டு சான்றாக நிற்கும். எதைக் காட்டினாலும், அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள் வெளியேறுவதாக அது இருக்க வேண்டும். முப்பது நாள் அனுமதி உள்ள நாட்டுக்கு ஐம்பதாவது நாள் சீட்டைக் காட்டினால், சீட்டே இல்லாததைவிட அது மோசம்.

கவுன்டரில் மறுப்பு வந்தால், "உங்க சிஸ்டத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்கலாம். மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லலாம். பயணச் சீட்டு, தங்குமிடம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அச்செடுத்து வைத்திருப்பது, கைபேசியில் ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டுவதைவிட நல்லது. விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. தாய்லாந்தின் விசா விலக்கு முதலில் 30 நாளாக இருந்து 2024 ஜூலையில் 60 நாளானது. அதுவும் நிலையானது என்று யாரும் எண்ண வேண்டாம். புறப்படும் வாரத்தில் அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தையும் விமான நிறுவனத்தின் இணையதளத்தையும் பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இத்தனையையும் படித்துத் தெரிந்துகொண்டு புறப்பட அந்த அம்மாவால் முடியாது. அவரிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. அவருக்குச் சீட்டுப் போட்டுக் கொடுத்த ஏஜென்டுக்கு இது தெரியும். சுற்றுலா அனுமதியில் வெளிநாடு போகும் ஒருவருக்கு ஒருவழிச் சீட்டை விற்கும்போது, "திரும்புற டிக்கெட் இல்லன்னா ஏர்போர்ட்ல நிறுத்துவாங்க, தேதி மாத்துற மாதிரி சேர்த்தே போட்டுடட்டுமாம்மா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். விமான நிறுவனங்களின் இணையதளங்களிலும் இந்த எச்சரிக்கையைப் பணம் கட்டும் பக்கத்திலேயே, தமிழிலும் காட்டலாம். அந்த விற்பனைப் பக்கத்துக்குப் பயணியின் நாடும் போகும் நாடும் ஏற்கெனவே தெரியும். திருச்சியிலும் சென்னையிலும் இருக்கும் ஏஜென்டுகள் சங்கங்களுக்கும், இந்தத் தடங்களில் பறக்கும் நிறுவனங்களுக்கும் இதை வலியுறுத்தி நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து யாராவது இப்படிப் புறப்படுகிறார்கள் என்றால், அவர்களுடைய சீட்டை இன்றே ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.